திருப்தியை அளப்பது எப்படி?

ஆட்சியாளர்கள் மீது மக்களுக்கு எவ்வளவு திருப்தி என்பதைச் சதவீதக் கணக்கில் சொல்லும் செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. பிரதமர், முதல்வர், நாடாளுமன்ற உறுப்பினர், சட்டப்பேரவை உறுப்பினர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. மதிப்பெண் கூடினால் ஆளும் கட்சி அதைச் சுவரொட்டியாக்குகிறது. குறைந்தால் கணிப்பே பொய் என்கிறது. எதிர்க்கட்சியோ இதையே தலைகீழாகச் செய்கிறது. அந்த எண் எப்படிப் பிறந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற கேள்விகள் மட்டும் கேட்பாரற்றுப் போகின்றன.

எனக்குள் இந்தக் கேள்வி எழுந்தது, தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றின் திண்ணையில். 1990-களின் நடுப்பகுதியில் முதுகலை மாணவனாக இருந்தபோது, கருத்துக்கணிப்பு ஒன்றுக்காக வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்பும் வேலை கிடைத்தது. ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. பட்டியலில் இருந்த பெயரைத் தேடிப்போனபோது, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். 'மாநில அரசின் செயல்பாட்டில் உங்களுக்குத் திருப்தியா?' என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன். 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, அப்படியே போட்டுக்குங்க' என்றார். 'முழுத் திருப்தி' என்ற கட்டத்தில் குறியிட்டேன். தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினர் பற்றிய கேள்விக்கும் அதே பதில், அதே குறி.

படிவத்தைப் பைக்குள் வைத்த பிறகு, குடிக்க மோர் கொடுத்தார். கூட்டமும் கலைந்திருந்தது. அப்போதுதான் அவர் பேசத் தொடங்கினார். தெருக்குழாயில் எட்டு நாள்களாகத் தண்ணீர் இல்லை. ரேஷன் அரிசி மாதத்தின் பாதியில்தான் வருகிறது. வாக்குக் கேட்டு வந்த உறுப்பினரை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. 'இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே பாட்டி' என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக் கொண்டு, 'அதெல்லாம் எழுதிப்புடாதீங்க தம்பி. முதியோர் பணத்த நிறுத்திப்புட்டா நான் எங்க போவேன்?' என்றார். நான் அரசு அலுவலகத்திலிருந்து வந்தவன் என்றே கடைசிவரை அவர் நினைத்திருக்கிறார்.

குறியை நான் மாற்றவில்லை. மாற்றக்கூடாது என்பதுதான் விதி. ஏதோ ஒரு சதவீதத்தில் அந்த மூதாட்டியும் 'முழுத் திருப்தி' அடைந்தவராகச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து, திருப்தியைப் பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும் அந்தத் திண்ணை நினைவுக்கு வருகிறது. ஆனால், அதற்காகக் கருத்துக்கணிப்பே பயனற்றது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அதைச் சரியாக வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே கருதுகிறேன்.

கேள்வி பிறந்த கதை

தலைவர்கள் மீதான மக்களின் திருப்தியை முறைப்படி அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் 1930-களில் தொடங்கியது. ஜார்ஜ் கேலப் 1935-இல் அமெரிக்கப் பொதுக்கருத்து நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருக்குச் சோதனை வந்தது. 1936 அதிபர் தேர்தலையொட்டி 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை நிரப்பி அனுப்பினர். குடியரசுக் கட்சியின் லாண்டன் வெல்வார் என்றது அந்த இதழ். அன்றிருந்த 48 மாநிலங்களில் 46-இல் ரூஸ்வெல்ட் வென்றார். அந்த இதழோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கேலப் சரியாகச் சொல்லியிருந்தார்.

இதழ் தவறியதன் காரணம் எளிது. தொலைபேசிப் பட்டியல், கார் உரிமையாளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து அது முகவரிகளைத் திரட்டியது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அந்நாளில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். மேலும், சீட்டை நிரப்பி அனுப்ப முனைந்தவர்களும் அனுப்பாமல் விட்டவர்களும் ஒரே மனநிலையில் இருந்தவர்கள் அல்லர். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. கருத்துக்கணிப்பின் அடிப்படைத் தத்துவமும் இதுவே. ஆனால், பானையை நன்றாகக் கிளறிய பிறகே அந்த ஒரு சோற்றை எடுக்க வேண்டும். மேலாக நிற்கும் சோற்றை எவ்வளவு அள்ளிப் பார்த்தாலும் அடியில் இருக்கும் அரிசி வெந்ததா என்பது தெரியாது.

அதிபர் பற்றிக் கேலப் கேட்ட கேள்வி மிக எளிமையானது. அதிபர் தம் பணியைச் செய்யும் விதத்தை நீங்கள் ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா என்பதே அது. அவரைப் பிடிக்குமா என்று கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் அவருக்கு வாக்களிப்பீர்களா என்றும் கேட்கவில்லை. பணி செய்யும் விதத்தை மட்டுமே கேட்டது. அந்தக் கேள்வியின் சொற்கள் பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறாமல் இருந்ததுதான் அதன் வலிமை. ஒரே அளவுகோலால் தொடர்ந்து அளந்ததால், அதிபருக்கு அதிபர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிந்தது.

அந்த ஒப்பீடு சொல்லும் முதல் பாடம், திருப்தி நிலையற்றது என்பது. 1945-இல் போர் முடியும் தறுவாயில் 87 சதவீத ஏற்பைப் பெற்ற ஹாரி ட்ரூமன், கொரியப் போரின் நடுவே 1952-இல் 22 சதவீதத்துக்கு இறங்கினார். 1973 தொடக்கத்தில் 67 சதவீதம் பெற்றிருந்த ரிச்சர்ட் நிக்சன், வாட்டர்கேட் ஊழலால் 1974 ஆகஸ்டில் பதவி விலகியபோது 24 சதவீதத்தில் இருந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சற்று முன்பு ஜார்ஜ் புஷ்ஷுக்கு 51 சதவீதம். இரண்டே வாரங்களில் 90 சதவீதம். 2008-இல் அதே புஷ்ஷுக்கு 25 சதவீதம்.

இரண்டு வாரங்களில் ஒருவர் சிறந்த நிர்வாகியாகிவிட முடியாது. நாட்டுக்கு ஆபத்து வரும்போது மக்கள் தலைவரின் பின்னால் திரள்கிறார்கள். அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் முல்லர் இதனை 1970-இலேயே ஆராய்ந்து, தேசியக் கொடியின் கீழ் திரள்வதாக வருணித்தார். ஆகவே, போர் நாள்களிலும் பேரிடர் நாள்களிலும் எடுக்கப்படும் திருப்திக் கணிப்பில் ஆட்சியின் தரத்தைக் காட்டிலும் அந்த நேரத்தின் உணர்ச்சியே மிகுதியாகப் பதிவாகிறது.

திருப்தியும் வாக்கும்

இரண்டாவது பாடம், திருப்தி வேறு, வாக்கு வேறு என்பது. இதற்கு வின்ஸ்டன் சர்ச்சிலைவிடச் சிறந்த சான்று இல்லை. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்தபோது, பிரிட்டனில் கேலப் அமைப்பு எடுத்த கணிப்பில் அவருக்கு 83 சதவீத ஏற்பு இருந்தது. இரண்டு மாதங்களில் நடந்த பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி 393 இடங்களில் வென்று ஆட்சியைப் பிடித்தது. மக்கள் முரண்பட்டு நடந்து கொள்ளவில்லை. போரை நடத்திய தலைவரைப் போற்றினார்கள். போருக்குப் பிந்தைய வீட்டுவசதி, வேலை, மருத்துவம் ஆகியவற்றுக்கு வேறொரு கட்சியை நம்பினார்கள். தொழிற்கட்சி முந்துகிறது என்பதையும் அந்த அமைப்பின் வாக்குக் கணிப்புகள் காட்டியிருந்தன. சர்ச்சிலின் செல்வாக்கில் மயங்கியிருந்தவர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

அமெரிக்காவில் முதல் வளைகுடாப் போருக்குப் பின் 1991-இல் 89 சதவீதம் பெற்ற ஜார்ஜ் புஷ் (தந்தை), மறு ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 37 சதவீத வாக்குகளுடன் தோற்றார். இடைப்பட்ட காலத்தில் பொருளாதாரத் தேக்கம் போரை மறக்கடித்திருந்தது.

நம் மாநிலத்தில் இதையொத்த ஒரு நிகழ்வுக்கு கணிப்பின் சான்று இல்லை. தேர்தலின் சான்று உண்டு. 1967-இல் விருதுநகரில் காமராஜர் தோற்றார். அவருடைய நேர்மையையோ, அவர் திறந்த பள்ளிகளையோ மக்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப் போராட்டத்தின் காயமும் அப்போதைய காங்கிரஸ் ஆட்சியின் மீது கோபத்தை மூட்டியிருந்தன. அந்தக் கோபம் தலைவரையும் சேர்த்தே வீழ்த்தியது. 1969-இல் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் அதே காமராஜரை மக்கள் வெற்றி பெறச் செய்தனர். தலைவர் மீதான மதிப்பு, அரசின் மீதான திருப்தி, கட்சிக்கான வாக்கு ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள். ஒரே கேள்வியால் மூன்றையும் அளந்துவிட்டதாகக் கூறும் கணிப்பு, முழக்கோலால் பாலை அளப்பது போன்றது.

அவையைக் கண்டு வெறுப்பு, உறுப்பினர் மீது விருப்பு

சட்டமியற்றுபவர்கள் மீதான திருப்தி இன்னும் சிக்கலானது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் செயல்பாட்டை ஏற்பவர்கள், 2013 நவம்பரில் கேலப் கணிப்பின்படி வெறும் 9 சதவீதம். அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. மீண்டும் போட்டியிட்ட பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வெற்றி பெற்றனர்.

அரசியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபென்னோ இந்தப் புதிரை 1970-களில் சுட்டிக்காட்டினார். மக்கள் அவையை ஓர் அளவுகோலாலும் தங்கள் உறுப்பினரை வேறோர் அளவுகோலாலும் அளக்கிறார்கள். நாட்டின் பெரும் சிக்கல்களைத் தீர்த்ததா என்று அவையைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊருக்கு வந்தாரா, எங்கள் மனுவைப் படித்தாரா என்று உறுப்பினரைப் பார்க்கிறார்கள். உறுப்பினரும் ஊருக்கு வந்தால் தாம் அங்கம் வகிக்கும் அவையையே குறைகூறி நற்பெயர் தேடிக் கொள்கிறார்.

நம் நாட்டில் காட்சி வேறு. இங்கே தலைவரின் செல்வாக்கு உயர்ந்து நிற்கும்போதே, தொகுதி உறுப்பினர் மீது கசப்பு மண்டிக் கிடப்பதைக் காணலாம். கட்சிகள் இதனை நன்கு அறிந்திருக்கின்றன. 2017 தில்லி மாநகராட்சித் தேர்தலில் பாஜக தன் கவுன்சிலர்கள் எவருக்கும் மீண்டும் வாய்ப்பளிக்காமல் புதுமுகங்களை நிறுத்தி, மூன்று மாநகராட்சிகளையும் வென்றது. 2021-இல் குஜராத்தில் முதல்வர் உள்பட அமைச்சரவை முழுவதையும் மாற்றி, மறு ஆண்டுத் தேர்தலில் 182 இடங்களில் 156-ஐப் பிடித்தது. தமிழகத்துக் கட்சிகளும் தேர்தலுக்குத் தேர்தல் உறுப்பினர்கள் பலருக்கு வாய்ப்பு மறுப்பது வழக்கம்தான். அதிருப்தியை உறுப்பினரின் தலையில் இறக்கிவிட்டுத் தலைமை தப்பிக்கும் வழி இது.

இந்த முடிவுகளுக்கு உதவும் கணிப்புகளைக் கட்சிகள் தங்கள் செலவில் நடத்திக் கொள்கின்றன. முடிவுகள் கட்சித் தலைமையின் மேசைக்குப் போகின்றன, மக்களுக்கு வருவதில்லை. நம்மிடம் கேட்டுப் பெற்ற நம் கருத்தை நாமே பார்க்க முடியாத நிலை விசித்திரமானது.

உறுப்பினரின் எந்தப் பணியை வைத்து நாம் திருப்தியை அளக்கிறோம் என்பதும் சிந்திக்கத்தக்கது. 1985-இல் அரசமைப்புச் சட்டத்தின் 52-ஆவது திருத்தமாக வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். எனவே, சட்டமியற்றுவதில் தனி உறுப்பினரின் சுதந்திரம் குறுகிவிட்டது. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நிழற்குடையும், திருமண வீட்டுக்கு வந்து போனதுமே அவரது மதிப்பெண்ணாகின்றன. அவையில் எத்தனை நாள் இருந்தார், என்ன கேள்வி எழுப்பினார், நிதிநிலை விவாதத்தில் என்ன பேசினார் என்று எந்தக் கணிப்பும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லப் போதிய தகவல் வாக்காளரிடம் இருப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினரைச் சட்டமன்றத்துக்கு வெளியே மட்டும் வைத்து மதிப்பிடுகிறோம்.

எண்ணிக்கையின் கணக்கு

தொகுதிவாரிக் கணிப்புகளில் இன்னொரு பொறி உண்டு. முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் கேட்டால், கிடைக்கும் சதவீதத்தில் ஏறத்தாழ 3 புள்ளிகள் கூடவோ குறையவோ பிழை இருக்கலாம். அந்தப் பிழையைப் பாதியாகக் குறைக்க 2,000 பேர் போதாது; 4,000 பேர் வேண்டும். மக்கள்தொகை ஒரு கோடியா, நூறு கோடியா என்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே, 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் சில ஆயிரம் பேரிடம் கேட்டால் என்ன தெரியும் என்ற பரவலான ஏளனம் சரியன்று.

ஆனால், அதே சில ஆயிரம் பேரைத் தொகுதிவாரியாகக் கூறு போட்டால் கதை மாறிவிடும். தமிழகம் முழுவதும் 5,000 பேரிடம் கேட்டதாக வைத்துக் கொள்வோம். 234 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் தொகுதிக்கு 21 பேர். அந்த 21 பேரின் பதிலில் பிழை வரம்பு 20 புள்ளிகளைத் தாண்டும். 'இந்தத் தொகுதியில் 55 சதவீதம் பேருக்கு உறுப்பினர் மீது அதிருப்தி' என்றால், உண்மை 35 சதவீதமாகவும் இருக்கலாம், 75 சதவீதமாகவும் இருக்கலாம். பிழையை 5 புள்ளிகளுக்குள் அடக்க வேண்டுமானால் தொகுதிக்கு 400 பேர் வீதம் 93,600 பேரைச் சந்திக்க வேண்டும். இதுவும் எளிய தற்செயல் தேர்வுக்கான கணக்கு. களத்தில் பிழை இன்னும் கூடும். அவ்வளவு செலவை ஏற்பவர் யார், எதற்காக ஏற்கிறார் என்பது அடுத்த கேள்வி.

இந்த அளவில் வெளிப்படையாக நடந்த முயற்சி ஒன்று உண்டு. ஜனநாயக சீர்திருத்த சங்கம் 2018 இறுதியில் 534 மக்களவைத் தொகுதிகளில் 2.73 லட்சம் வாக்காளர்களிடம் ஆய்வு நடத்தியது. திருப்தியா என்று பொதுப்படையாகக் கேட்டதோடு நிற்காமல், வேலைவாய்ப்பு, மருத்துவம், குடிநீர் என்று துறைவாரியாக எது முக்கியம் என்று கேட்டு, அதில் அரசு எப்படிச் செயல்படுகிறது என்றும் மதிப்பிடச் சொன்னது. நல்ல வேலைவாய்ப்பே முதல் தேவை என்றவர்கள் 46.8 சதவீதம். வாக்காளர்கள் முதன்மையாகக் கருதிய பத்துத் துறைகளிலும் அரசின் செயல்பாட்டுக்குக் கிடைத்தது சராசரிக்கும் குறைந்த மதிப்பெண். அடுத்த சில மாதங்களில் நடந்த தேர்தலில் ஆளும் கூட்டணி முன்னைவிடப் பெரிய வெற்றி பெற்றது. ஆய்வு பொய்யென்று இதற்குப் பொருள் இல்லை. அதிருப்தி இருந்தும் மாற்று மீது நம்பிக்கை இல்லாமல் போகலாம். வேறொரு பிரச்னை முன்னுக்கு வந்துவிடலாம். குறை மட்டும் குறையாகவே இருக்கிறது. வெற்றி அதைத் துடைத்துவிடுவதில்லை.

யாரிடம் கேட்டார்கள்?

உலகத் தலைவர்களை வரிசைப்படுத்தும் மார்னிங் கன்சல்ட் நிறுவனத்தின் கணிப்பு நம் ஊடகங்களில் பெரிதாகப் பேசப்படுவது. பிரதமர் மோடிக்கு அதில் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்பு கிடைத்து வந்திருக்கிறது. பல நேரங்களில் அவர்தான் முதலிடம். அந்தக் கணிப்பு இணையவழியில் எடுக்கப்படுகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை மாதிரி எழுத்தறிவு பெற்றோரையே பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்பதை அந்நிறுவனமே தன் குறிப்பில் சொல்லிவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 74 சதவீதம். மீதமுள்ள கால் பங்கினர் அந்தக் கணிப்பின் பானைக்குள் இல்லை. அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்க வேண்டாம். கூடவும் சொல்லியிருக்கலாம், குறைத்தும் சொல்லியிருக்கலாம். குறிப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்ட செய்திதான் பிழையானது.

நேரில் செல்லும் கணிப்புகளுக்கும் வேறு தடைகள் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி உள்ளே விடமாட்டார். கூலி வேலைக்குப் போனவர் பகலில் வீட்டில் இருக்கமாட்டார். பெண்ணிடம் கேட்டால் கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்வார். நான் களத்தில் பலமுறை கண்டது இது. வளர்முக சமுதாய ஆய்வு மையத்தின் லோக்நீதி போன்ற அமைப்புகள் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைத் தேர்ந்தெடுத்து அந்த நபரையே தேடிச் செல்லும் முறையைக் கடைப்பிடிப்பது இதனால்தான். முழுத் திருப்தி, ஓரளவு திருப்தி, ஓரளவு அதிருப்தி, முழு அதிருப்தி என நான்கு நிலைகளில் அவர்கள் பதிலைப் பெறுகிறார்கள். இந்த அரசுக்கு மீண்டும் ஒரு வாய்ப்புத் தரலாமா என்று தனியாகவும் கேட்கிறார்கள்.

நான்கு நிலைகள் இருப்பது நல்லது. அவற்றைச் செய்தியாக்கும்போதுதான் சிக்கல். முழுத் திருப்தி 20 சதவீதம், ஓரளவு திருப்தி 45 சதவீதம் என்று ஒரு கணிப்பில் வந்ததாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி '65 சதவீதம் பேருக்குத் திருப்தி' என்று ஒருவர் தலைப்பிடலாம். 'ஐந்தில் ஒருவருக்கே முழுத் திருப்தி' என்று இன்னொருவர் தலைப்பிடலாம். இரண்டும் உண்மை. நம் மக்களின் பேச்சில் 'பரவாயில்லை' என்ற சொல் எவ்வளவு பொருள்களைத் தாங்கும் என்பதை அறிந்தவர்கள், 'ஓரளவு திருப்தி' என்ற கட்டத்தை எச்சரிக்கையுடன் வாசிப்பார்கள்.

கேட்பவர் யார் என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆந்திரத்தில் 2014 முதல் 2019 வரையிலான ஆட்சியில், மக்களைத் தொலைபேசியில் அழைத்து அரசுச் சேவைகளில் திருப்தியா என்று கேட்டுப் பதிவு செய்யும் முறையை அரசே பெரிய அளவில் நடத்தியது. 2019 தேர்தலில் ஆளும் தெலுங்கு தேசம் கட்சிக்கு 175 இடங்களில் 23 மட்டுமே கிடைத்தன. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், உதவித்தொகை தரும் கையே 'திருப்தியா?' என்று கேட்டால், வாங்கும் கை என்ன சொல்லும்? கேட்பவரிடம் முகதாட்சண்யம், கொடுப்பவரிடம் அச்சம். இவ்விரண்டும் படிவத்தில் 'திருப்தி' என்ற ஒரே சொல்லாகப் பதிவாகின்றன.

வாசகர் கேட்க வேண்டியவை

தேர்தல் காலக் கணிப்புகளுக்கு நம் நாட்டில் சில கட்டுப்பாடுகள் உள்ளன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு, வாக்குப்பதிவு முடியும் வரை வாக்குக் கணிப்பை வெளியிடுவதைத் தடுக்கிறது. கருத்துக்கணிப்பு வெளியிடும் இதழ்கள், அதை நடத்தியவர், நடத்தச் சொன்னவர், மாதிரியின் அளவு, தேர்ந்தெடுத்த முறை, பிழை வரம்பு ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 1996-இலேயே நெறிமுறை வகுத்தது. அது தேர்தலுக்கு முந்தைய கணிப்புகளை மனத்தில் கொண்டது. ஆண்டு முழுவதும் வெளியாகும் திருப்திக் கணிப்புகளுக்கும் இதையே விரிவுபடுத்துவதில் எவருக்கும் இழப்பில்லை. பிரிட்டனில் 2004 முதல் இயங்கும் பிரிட்டிஷ் கருத்துக்கணிப்பு கவுன்சில், கேட்ட கேள்வியையும் முழு அட்டவணையையும் வெளியிட வேண்டும் என்று தன் உறுப்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. நம் நிறுவனங்களும் தாமாகவே அப்படிச் செய்ய முன்வரலாம்.

அதுவரை, வாசகர் ஐந்து கேள்விகளைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. பணம் கொடுத்தவர் யார்? எப்போது கேட்டார்கள்? கேள்வியின் சொற்கள் என்ன? யாரிடம், எவ்வழியில் கேட்டார்கள்? இதே கேள்விக்குச் சென்ற முறை என்ன பதில் வந்தது? இவற்றுக்கு விடையில்லாத எண்ணை விளம்பரமாகக் கருதிக் கடந்துவிடலாம். 46 சதவீதம் 44 ஆனதை 'சரிவு' என்று அலறும் செய்தியையும் அவ்வாறே கடந்துவிடலாம். பிழை வரம்புக்குள் நிகழும் ஏற்றமும் இறக்கமும் செய்தியல்ல. இரண்டு ஆண்டுகளாகப் படிப்படியாக இறங்கி வந்த கோடு செய்தி.

கணிப்பு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருப்தியைக் கேட்கும் முன் அனுபவத்தைக் கேளுங்கள். சென்ற வாரம் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, ரேஷன் பொருள் எந்தத் தேதியில் கிடைத்தது, சாதிச் சான்றிதழுக்கு எத்தனை முறை அலைந்தீர்கள், உங்கள் உறுப்பினரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்ல யாரும் அஞ்ச வேண்டியதில்லை. முகதாட்சண்யத்துக்கும் இங்கே இடம் குறைவு. அந்தப் பதில்களோடு சேர்த்து வைத்தால்தான் 'திருப்தி' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். அனுபவம் மோசமாகவும் திருப்தி உயர்வாகவும் இருந்தால், அது ஆட்சியின் சாதனையா, மக்களின் அச்சமா, 'இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது' என்ற சலிப்பா என்று மேலும் ஆராய வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விரலில் வைக்கும் மையால் மட்டும் மக்கள் தங்கள் மனத்தைச் சொல்லிவிட முடியாது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் குரலைக் கேட்க நேர்மையான கணிப்பு ஒரு நல்ல வழி. நேர்மையற்ற கணிப்போ அந்தக் குரலின் மீது போர்த்தப்படும் பொன்னாடை. குரலைவிடப் பொன்னாடையே பளிச்சென்று தெரியும்.

அந்தத் திண்ணையில் நான் கேட்டது தவறான கேள்வி என்று இன்றும் நினைக்கவில்லை. கையில் பேனாவுடன், ஊர் சூழ, யாரென்று விளங்கும்படி சொல்லாமல், அதை முதல் கேள்வியாகக் கேட்டதுதான் தவறு. 'பாட்டி, குழாயில் கடைசியாக என்றைக்குத் தண்ணீர் வந்தது?' என்று தொடங்கியிருந்தால், என் படிவம் வேறொரு கதையைச் சொல்லியிருக்கும். அந்த எட்டு நாள் வறட்சி எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. அவருடைய 'முழுத் திருப்தி' மட்டும் இடம்பெற்றது.